எம்பரரும் பவளங்களும்: ஹட்டன் தொட்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தின் ஹட்டனில், தேயிலைச் சரிவை ஒட்டிய வீடு. முன்னறையில் 180 × 75 × 60 செ.மீ. அளவில் 15 மி.மீ. கண்ணாடியாலான கடல்நீர்ப் பவளத் தொட்டி, அதன் கீழே அலுமாரிக்குள் 120 செ.மீ. சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி. கல்லும் மணலும் பிடித்த இடத்தைக் கழித்தால் மொத்தத் தண்ணீர் 800 லீற்றருக்குக் கிட்ட வரும். இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரம். உயரத்தை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு: இந்தத் தொட்டியில் நடந்த கோளாறில் பாதி அந்த எண்ணிலிருந்து வந்தது.

தொட்டி ஒன்றரை வருடம் பழையது. பவளங்களில், மேல்தட்டில் அக்ரோபோரா, மொன்டிபோரா, பொசிலோபோரா. நடுவில் டோர்ச், லோபோபிலியா. மணலில் சிவப்பு ட்ராக்கிபிலியா ஒன்று. ஓரத்தில் சினுலாரியா என்ற மென்பவளம், கொஞ்சம் சோவாந்தஸ். மீன்களில் ஒரு ரீகல் ஏஞ்சல், ஒரு செயில்பின் டேங், அன்தியஸ் கூட்டம், ஒரு சோடிக் கோமாளி மீன். கடைசியாக வந்தது எம்பரர் ஏஞ்சல், 12 செ.மீ., குட்டிப் பருவத்து வெள்ளை வளையங்கள் பாதி மறைந்து மஞ்சள் கோடுகள் கிளம்பத் தொடங்கியிருந்த நேரம்.

எம்பரர் வந்து இரண்டு மாதத்தில் முறைப்பாடு எழுந்தது. லோபோபிலியாவின் விளிம்பு கிழிந்து எலும்பு தெரிகிறது. ட்ராக்கிபிலியா சுருங்கிவிட்டது. அக்ரோபோராவின் அடிப்பகுதி வெளுக்கிறது, இரவில் பொலிப் (பவளத்தின் சிறு உயிர்கள்) வெளியே வருவதில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: எம்பரரை வெளியே எடு. தீர்ப்பில் ஒரு பங்கு சரி. மீதி தவறு. எம்பரரை எடுத்திருந்தாலும் மூன்று பவளங்களில் இரண்டு செத்திருக்கும்.

மீனைக் குற்றம் சொல்ல முன்

பெரிய ஏஞ்சல்களின் பல் கிளிமீனின் அலகு போன்றதல்ல. தூரிகை மயிர் மாதிரி அடர்ந்த நுண்பற்கள். இயற்கையில் அவை பெரும்பாலும் கடற்பஞ்சையும் கல்லில் ஒட்டிய மற்ற உயிர்களையும் சுரண்டித் தின்னும். அதனால் அவை விட்டுப்போகும் காயத்துக்கு ஒரு சாயல் உண்டு. எலும்பு உடையாது. சதை மட்டும் சிறு துணுக்காகப் பிடுங்கப்பட்டிருக்கும், எல்.பி.எஸ். (பெரிய பொலிப் கொண்ட கற்பவளம்) வகையில் அந்த இடத்தில் எலும்பின் செங்குத்துத் தகடுகள் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். காயம் மீன் நீந்தும் பக்கத்தில் குவிந்திருக்கும். கல்லோடு ஒட்டிய மறுபக்கம் முழுசாக இருக்கும்.

லோபோபிலியாவில் இருந்தது அச்சொட்டாக இதுதான். முன்விளிம்பில் நாலைந்து இடங்களில் தகடு தெரிந்தது, பின்விளிம்பில் ஒரு கீறலும் இல்லை.

ட்ராக்கிபிலியா அப்படியில்லை. கிழிசலே கிடையாது. சுற்றிலும் ஒரே அளவாகச் சுருங்கி, காலையில் மோசமாகவும் பிற்பகல் மூன்று மணிக்கு ஓரளவு உப்பியும் இருந்தது. கடி வாங்கிய பவளம் மணிக்கூடு பார்த்துச் சுருங்காது. அக்ரோபோரா இன்னும் தெளிவான சாட்சி. வெளுப்பு அடியிலிருந்து தொடங்கியிருந்தது, நுனிகள் நலம். பொலிப் வராதது இரவில். இரவில் எம்பரர் கல் இடுக்கில் தூங்குகிறது. (அந்த நேரம் விளக்கைப் போட்டால் தொட்டிக்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கலாம். திடுக்கிட்ட எம்பரர் போடும் சத்தம் அது. கண்ணாடி வெடிக்கிறது என்று பயப்பட வேண்டாம்.)

சந்தேகம் தீர்க்கக் கூடைச் சோதனை செய்யப்பட்டது. செலவு மிகக் குறைவு: மரக்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடை இரண்டு, கவிழ்த்து வைக்கப் பாரமாகக் கல். ஓட்டை 8 முதல் 10 மி.மீ. இருந்தால் நீரோட்டம் தடைப்படாது. உலோகக் கம்பியோ துருப்பிடிக்கும் கைப்பிடியோ இருக்கக் கூடாது. ஒன்று லோபோவின் மேல், மற்றது ட்ராக்கியின் மேல், பத்து நாள். கூடை நிழல் விழும் என்பதால் வெளிச்சத்தை இதற்காகக் கூட்ட வேண்டியதில்லை. பத்து நாள் நிழலை இரண்டுமே தாங்கும். தினமும் காலை விளக்கு வர முன், பிறகு பிற்பகலில், ஒரே கோணத்தில் படம்.

கூடைக்குள் லோபோவின் காயங்கள் மேல் மெல்லிய சதை படர்ந்தது. கூடையை எடுத்த இரண்டாம் நாளே புதுக் கடி. ட்ராக்கியோ கூடைக்குள்ளும் வெளியிலிருந்த மாதிரியே காலையில் சுருங்கி பிற்பகலில் உப்பியது. ஆக, லோபோவுக்கு எதிரி மீன். ட்ராக்கிக்கும் அக்ரோபோராவுக்கும் எதிரி தண்ணீர். இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததுதான் குழப்பம். எம்பரர் வந்தது நவம்பர் கடைசி, ஹட்டனில் குளிர் இறங்கும் காலமும் அதுவே.

மாலைக் கணக்கும் விடியற்காலைக் கணக்கும்

தொட்டிக்காரர் காட்டிய அளவீடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உவர்ப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் பங்கு), காரத்தன்மை 7.8 டிகேஎச், கல்சியம் 415, மகனீசியம் 1,320, நைட்ரேட் 12, பொஸ்பேட் 0.08, பிஎச் 8.05, வெப்பநிலை 25.6 பாகை. எல்லாம் வேலையால் வந்து மாலை ஆறரைக்கு எடுத்தவை. பெரும்பாலானவர்கள் அந்த நேரத்தில்தான் அளப்பார்கள். தொட்டி ஒரு நாளில் மிக நல்ல நிலையில் இருப்பதும் அந்த நேரத்தில்தான்.

விடியற்காலை ஐந்தரைக்கு அளந்தபோது வேறு தொட்டி தெரிந்தது. வெப்பநிலை 23 பாகை. பிஎச் 7.62. கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 4.4 மி.கி. அன்தியஸ்கள் மேல்மட்டத்தில் செவுளை வேகமாக அடித்துக்கொண்டு நின்றன.

4.4 என்ற எண்ணை மலையகத்தில் தனியாக வாசிக்க வேண்டும். 35 பிபிடி கடல்நீர் 25 பாகையில் கடலோரத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 6.7 மி.கி. ஒட்சிசன் பிடிக்கும். ஹட்டனில் வளி அமுக்கம் கடல்மட்டத்தின் 86 வீதம்தான். ஆகவே அதே தண்ணீர், எவ்வளவு கலக்கினாலும், 5.8-இல் நின்றுவிடும். நுவரெலியாவில், 1,868 மீற்றரில், 5.4. ஸ்கிம்மர் (குமிழியால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) குமிழி அடிப்பதாலோ பம்பைக் கூட்டுவதாலோ இந்த உச்சவரம்பு உயராது. உச்சத்துக்கு எவ்வளவு கிட்டப் போகிறோம் என்பது மட்டுமே கையில் உள்ளது. இரவு முழுக்க மீன், பவளம், பக்டீரியா எல்லாம் மூச்சு விட்டு 1.5 மி.கி. இறக்கினால், கொழும்புத் தொட்டி 5.2-க்கு வரும், ஹட்டன் தொட்டி 4.3-க்கு. கொழும்பில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய குறை இங்கே மீனை மேலே கொண்டுவந்து நிறுத்தும்.

ஒட்சிசன் மானி வாங்குவோர் கவனிக்க வேண்டியது: பெரும்பாலான மானிகள் காற்றில் வைத்து ‘100 வீதம்’ என்று திருத்தப்படுபவை. உயரத்தை அல்லது அமுக்கத்தை மானியில் பதியாவிட்டால் வீதம் 100 காட்டும், மி.கி. கணக்கு ஏறத்தாழ 16 வீதம் கூடுதலாகக் காட்டும். அந்தப் பொய்யான நிம்மதியில் பலர் இருக்கிறார்கள்.

பிஎச் 7.62-க்கு வேறு காரணம். குளிருக்கு யன்னல்களை இறுக்கி மூடிய வீடு, பக்கத்தில் காஸ் அடுப்பு, நாலைந்து பேர் தூக்கம். அறைக் காற்றில் காபனீரொட்சைட்டு ஏறுகிறது. ஸ்கிம்மர் அதையே அலுமாரிக்குள்ளிருந்து உறிஞ்சித் தண்ணீருக்குள் அடிக்கிறது. இது போதாதென்று, சூடு வெளியேறாமலிருக்கத் தொட்டியின் வாயை முழுக்கக் கண்ணாடித் தகட்டால் மூடியிருந்தார்கள், அலுமாரிக் கதவையும் சாத்தியிருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த வேலை; தொட்டியின் மூக்கைப் பொத்தியதும் அதுதான். பிஎச் அந்த அளவுக்கு விழும் இரவுகளில் கற்பவளம் எலும்பு கட்டுவது மந்தமாகும். வேகமாக வளரும் அக்ரோபோரா போன்றவற்றில் நிழலான அடிப்பகுதி முதலில் தோற்கும்.

வெப்பக் கணக்கு

ஹீட்டர் வாங்கும்போது ‘லீற்றருக்கு அரை வொட்’ என்று கடையில் சொல்வார்கள். அது கொழும்பு அறைக்குச் சொன்னது. இந்தத் தொட்டியில் 200 வொட் ஹீட்டர் இரண்டு இருந்தன, கடைக் கணக்குக்குச் சரி.

உண்மையான தேவையைத் தொட்டியையே கேட்டு அறியலாம். குளிரான இரவில் ஹீட்டர்கள் அணையாமல் எரிந்தும் தண்ணீர் ஒரு நிலையில் வந்து நின்றால், உள்ளே போகும் வொட்டும் வெளியே போகும் வெப்பமும் சமம். இங்கே ஹீட்டர் 400 வொட், இரவில் ஓடும் பம்புகள் 100 வொட், தண்ணீர் 23 பாகை, அறை 13 பாகை. 500 வொட் 10 பாகை வித்தியாசத்தைத் தாங்குகிறது, அதாவது பாகைக்கு 50 வொட். அறை 10 பாகைக்கு இறங்கும் இரவில் தண்ணீரை 25.5-இல் வைக்க 775 வொட் வேண்டும். பம்புகளின் 100 போக ஹீட்டர் 675.

வொட்டைக் கூட்டுவதற்கு முன் இழப்பைக் குறைப்பது மலிவு. பின்கண்ணாடிக்கும் இரு பக்கக் கண்ணாடிக்கும் 25 மி.மீ. ரெஜிபோம் (பொலிஸ்டைரீன் நுரை) தகடு, வெளிப்புறமாக. பரப்பு சுமார் 2 சதுர மீற்றர். அந்தப் பரப்பில் இழப்பு ஏழில் ஒரு பங்காகக் குறையும். மொத்தக் கணக்கில் பாகைக்கு 50 வொட் 36-க்கு வரும். இரவு பகல் சராசரியாக 11 பாகை வித்தியாசம் என்று வைத்தால் 150 வொட் மிச்சம், மாதம் 100 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. தகட்டைக் கண்ணாடியோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். நடுவில் காற்று ஓடினால் பயனில்லை, ஈரம் கட்டிக் கறுப்புப் பூஞ்சணமும் பிடிக்கும். விளிம்பை அலுமினிய ஒட்டுநாடாவால் அடைப்பது போதும்.

பிறகு ஹீட்டர்: 300 வொட் மூன்று. 36 வொட் கணக்கில் மோசமான இரவுக்கு 560 வேண்டும், பம்பு 100 தரும், இரண்டு ஹீட்டரே மீதியைத் தாங்கும். மூன்றாவது செத்துப்போவதற்கான இடம். ஹீட்டரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை நம்பாமல் வெளிக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று: 25.3-இல் போடும், 25.7-இல் அணைக்கும். ஹீட்டரின் சொந்தக் குமிழ் 26.5-இல். கருவி ஒட்டிப்போய் அணையாவிட்டால் குமிழ் காப்பாற்றும், குமிழ் ஒட்டிப்போனால் கருவி காப்பாற்றும். உணர்கம்பி சம்பில் அல்ல, காட்சித் தொட்டியில் இருக்க வேண்டும். சம்பில் வைத்து, திரும்பும் பம்பு நின்றுபோனால் சம்ப் 25.5-இல் திருப்தியாக இருக்கும், மேலே பவளம் குளிரில் கிடக்கும்.

மூச்சு

வாயை மூடிய கண்ணாடியில் பாதி எடுக்கப்பட்டது. மீதி இடத்துக்கு 6 மி.மீ. நைலோன் வலைச் சட்டம், அன்தியஸ் குதிக்காமலிருக்க. ஸ்கிம்மரின் காற்றுக் குழாய் 10 மி.மீ. ஹோஸ் மூலம் சுவரைத் துளைத்து வெளியே விடப்பட்டது. குளிர்காற்று தொட்டியைக் குளிரவைக்குமே என்ற கேள்வி வரும். மணிக்கு 600 லீற்றர் காற்று 12 பாகையில் நுழைந்தால், சூடேற்றவும் ஈரமாக்கவும் சேர்த்து 10 வொட் கூடச் செல்லாது. கவலை வேறொன்றில். தேயிலை மலையில் களைநாசினி அடிக்கும் நாள், மரக்கறித் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் நாள், அந்தக் குழாய் நேராக அதை உறிஞ்சும். குழாய் வாயைத் தோட்டப் பக்கம் இல்லாத சுவரில், இரண்டு மீற்றருக்கு மேல், வாய் கீழ்நோக்கிப் பார்க்க வைத்து, நடுவில் கரித்துண்டு நிரப்பிய சிறு குப்பி ஒன்று பொருத்தினார்கள். மருந்தடிக்கும் நாளில் குழாயைக் கழற்றி அறைக் காற்றுக்கே விட்டுவிடுவது வழக்கமாயிற்று. ஹோஸ் எங்கும் தொய்ந்து குழி விழக் கூடாது. மூடுபனிக் காலத்தில் தண்ணீர் தேங்கி அடைக்கும்.

சம்பில் சீட்டோ என்ற கடற்பாசி வளர்க்கும் பகுதிக்கு, அது இரவில் காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதற்காக, விளக்கு இரவு எட்டிலிருந்து காலை ஏழு வரை. ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புநீர், லீற்றருக்கு 1.5 கிராம் கல்சியம் ஐதரொட்சைட்டு, தெளிந்த பாகம் மட்டும், நள்ளிரவுக்குப் பின் சொட்டுச் சொட்டாக. நாளுக்கு ஏழெட்டு லீற்றர் போகிறது. உணவுத்தர அல்லது ஆய்வுகூடத்தரத் தூள் வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது; அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

இவை எல்லாம் சேர்ந்த பின் விடியற்காலை எண்கள்: 25.2 பாகை, பிஎச் 7.9, ஒட்சிசன் 5.3. ட்ராக்கிபிலியா மூன்றாம் கிழமையில் காலையிலேயே முழுசாக உப்பத் தொடங்கியது. அக்ரோபோராவின் வெளுப்பு ஏறுவது நின்றது. வெளுத்த அடிமேல் சதை திரும்பப் படர மாதக்கணக்காகும். பாதிக்கு மேல் வெளுத்த ஒரு கிளையை, வெளுப்பு எல்லைக்கு இரண்டு செ.மீ. மேலே, உயிருள்ள பாகத்தில் வெட்டி வேறாக ஒட்டினார்கள். அதுவே சரி, இறந்த அடியில் பாசி ஏறிய பின் சதை அதன்மேல் சுலபத்தில் வராது.

மின்வெட்டு

தென்மேற்குப் பருவக்காற்றில் வட்டவளை, ஹட்டன் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுவது புதுமையல்ல. ரெஜிபோம் ஒட்டிய பின் இந்தத் தொட்டி, 12 பாகை வித்தியாசத்தில், மணிக்கு அரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாகக் குளிரும். நாலு மணி நேரம் தாங்கும். ஒட்சிசன் அவ்வளவு நேரம் தாங்காது, முன்னுரிமை அதற்கு. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈய பற்றரியில் பாதியைத்தான் பாவிக்கலாம், 600 வொட்-மணி. 20 வொட் அலைப்பம்பு ஒன்றும் 5 வொட் காற்றுப்பம்பு ஒன்றும் அதில் 24 மணி நேரம் ஓடும். அதே பற்றரியில் 300 வொட் ஹீட்டரை மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இனி மீன்

தண்ணீர் திருந்திய பின்னும் லோபோ கடிபட்டது. கைபேசியைத் தாங்கியில் வைத்து நாள் முழுக்கப் படம்பிடித்துப் பார்த்ததில், கடிகளில் பெரும்பங்கு விளக்கு வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள். அப்போது தீனி காலை ஒன்பதுக்கு ஒரு தடவை, இரவு ஏழுக்கு ஒரு தடவை. விளக்கு வருவது ஏழரைக்கு. பகல் முழுக்க மேயும் சாதி மீனுக்கு, 12 மணி நேரத் தூக்கத்துக்குப் பின் ஒன்றரை மணி நேரம் வெறும் வயிறு.

தானியங்கித் தீனிப்பெட்டி ஐந்து தடவைக்கு மாற்றப்பட்டது; முதல் தீனி விளக்கு வந்து பத்தாவது நிமிடம். நோரித் தாள் (உலர்ந்த கடற்பாசித் தாள்) காலையும் பிற்பகலும், லோபோவிலிருந்து எதிர்மூலையில் கவ்வியில். கடற்பஞ்சு சேர்ந்த உறைந்த ஏஞ்சல் தீனி கிழமைக்கு மூன்று நாள். அது கொழும்பில் எப்போதும் கிடைக்காது, விலையும் அதிகம். இடைநாட்களுக்கு வீட்டுக் கலவை: தோலுரித்த இறால் 250 கிராம், கணவாய் 150, சிப்பி அல்லது மட்டி இறைச்சி 150, உலர்ந்த நோரி 20, ஸ்பிருலினாத் தூள் 15. எல்லாம் உப்போ வினாகிரியோ படாதது. மிக்சியில் கரகரப்பாக அடித்து, 200 மி.லீ. சுடுதண்ணீரில் கரைத்த 30 கிராம் ஜெலட்டினைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மீனுக்கான விட்டமின் துளிகளோடு கலந்து, பையில் 5 மி.மீ. தகடாகப் பரப்பி உறையவைக்க வேண்டும். ஜெலட்டின் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இறால் வெந்து கட்டிபிடிக்கும், விட்டமின் சியும் போய்விடும். ஹட்டன் சந்தைக்கு மீன் லொறியில் ஐஸோடு வருகிறது. கணவாயின் தோல் மங்கி இளஞ்சிவப்பாகியிருந்தால் வாங்காமல் விடுவது நல்லது. நுவரெலிய ப்ரோக்கோலி மலிவுதான், எம்பரரும் அவித்துக் கொடுத்தால் தின்னும். மருந்து எச்சம் தொட்டியின் இறால்களைத் தாக்கக்கூடும் என்பதால் அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை, நோரியே போதும்.

கடி குறைந்தது. நிற்கவில்லை. லோபோவில் கிழமைக்கு ஒன்றிரண்டு புதுக் காயம் வந்துகொண்டேயிருந்தது. லோபோபிலியா, அக்கான் வகைகள், ட்ராக்கிபிலியா, சோவாந்தஸ், ட்ரிடாக்னா மட்டியின் உதடு இவை பெரிய ஏஞ்சல் ஒன்றின் கண்ணில் எப்போதும் தீனி; பசி குறைந்தால் ஆசை குறையும், அவ்வளவே. ட்ராக்கி தப்பியது இந்த எம்பரரின் தனிக்குணம், அடுத்த எம்பரரிடம் எதிர்பார்க்கக் கூடாது. லோபோவைச் சம்பின் சீட்டோப் பகுதிக்குப் பக்கத்தில் தனி விளக்கோடு இறக்கினார்கள். சோவாந்தஸ் அதற்குள் பாதி தின்னப்பட்டிருந்தது, அதில் ரீகலுக்கும் பங்கு. ரீகல் சாது என்று பெயர் வாங்கியிருக்கிறது, மென்பவளத்திலும் எல்.பி.எஸ்ஸிலும் அது எம்பரருக்குக் குறையாமல் வாய் வைக்கும்.

தாங்கியவை: அக்ரோபோரா, மொன்டிபோரா, பொசிலோபோரா. கிளைகளில் சளியை நக்குவது தெரியும், வளர்ந்த கூட்டத்துக்கு அது உறைக்காது. கை விரல் அளவு புதுத்துண்டுக்கு உறைக்கும். அதனால் துண்டுகள் சம்பில் அல்லது கூடைக்குள் வளர்ந்து உள்ளங்கை அளவான பின்னரே மேலே வந்தன. சினுலாரியாவின் நச்சுச் சுவை அதைக் காக்கிறது. டோர்ச் கொட்டும், பெரும்பாலும் தப்பும்.

எந்த ஏஞ்சல் என்பதிலும் வேறுபாடு பெரிது. நம் கரையோரங்களில் கிடைக்கும் நீலவளைய ஏஞ்சல், அன்னுலாரிஸ், விலை குறைவு, அழகு, கடலில் 45 செ.மீ. வளரும், பவளத் தொட்டிக்கு அது வேண்டாம். ஜெனிகாந்தஸ் வகைகள் நீரில் மிதக்கும் நுண்ணுயிர் தின்பவை, பவளத்தைத் தொடாது, எல்.பி.எஸ். தோட்டம் வைத்தவர் ஏஞ்சலும் வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும். எம்பரர் இரண்டுக்கும் நடுவில். இளசாக, கடைசி மீனாக, வளர்ந்த பவளங்களுக்கு நடுவே இறக்கினால் கடி பலவற்றில் பகிர்ந்துபோகும்.

கொழும்பிலிருந்து ஏற்றும்போது

அமுக்கம் 14 வீதம் குறைவதால் பைக்குள் இருக்கும் வாயு ஹட்டனில் ஏறத்தாழ 16 வீதம் விரியும், நுவரெலியாவில் கால்வாசி. கடையில் பந்து மாதிரி இறுக்கிக் கட்டிய பை கினிகத்தேனைக்கு மேலே மடிப்பு மூலையில் பிளக்கும். பையைக் கையால் அமுக்கினால் குழி விழும் அளவு தொய்வாகக் கட்டச் சொல்ல வேண்டும். ஏஞ்சலின் கன்னத்தில் முள் உண்டு: இரட்டைப் பை, நடுவில் நாலு மடிப்புச் செய்தித்தாள், ரெஜிபோம் பெட்டி. அந்த முள் வலையில் சிக்கிக் கிழியும் என்பதால் பிடிப்பதற்கும் பிளாஸ்டிக் டப்பாதான். மீனின் காற்றுப்பையும் அதே வீதத்தில் விரிகிறது, கடலில் 1.4 மீற்றர் மேலே வந்ததற்குச் சமம். வந்த அன்று சில மணி நேரம் வால் மேலெழும்பித் தடுமாறினால் ஊசி எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை, இருட்டாக்கி விட்டால் தானே சரியாகும்.

புது மீனைத் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியில், ஒட்டுண்ணிகளுக்கு எதிராக 30 நாள் செம்பு மருந்து, பிணைந்த வகையானால் 2.25 முதல் 2.5 பிபிஎம். தட்டைப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் லீற்றருக்கு 2.5 மி.கி., ஏழு நாள் இடைவெளியில் இரு தடவை. பிராசி போட்டதும் பக்டீரியா பெருகி ஒட்சிசனை இழுக்கும். 5.8 உச்சவரம்பு உள்ள இடத்தில் காற்றுக்கல் இரண்டு இல்லாமல் அந்த மருந்தைத் தொடக் கூடாது.

தண்ணீருக்கு மலை ஊற்றிலிருந்து வரும் பீலி நீர் பாவிப்பவர்கள் அதன் மென்மையில் ஏமாறக் கூடாது. உரம் போட்ட சரிவிலிருந்து வரும் நீரில் நைட்ரேட் இருக்கும், ஆர்ஓ (மென்படலத்தால் நீரைச் சுத்திகரிக்கும் கருவி) அவசியம். 15 பாகை நீரில் ஆர்ஓ மென்படலம் 25 பாகையில் தருவதில் 70 வீதம்தான் தரும். மேட்டிலுள்ள தாங்கியிலிருந்து 10 மீற்றர் இறக்கத்துக்கு ஒரு பார் அமுக்கமே கிடைக்கும், மென்படலத்துக்கு நாலு வேண்டும். அழுத்தப்பம்பு வைக்காதவர் கழிவுநீரைத்தான் கூடுதலாகச் சேர்ப்பார். கல்லுக்கும் பவளத்துக்கும் கரையோரம் போகக் கூடாது: இலங்கைக் கரையோரப் பவளத்தை எடுப்பதும் அதை வைத்திருப்பதும் குற்றம், செத்த பவளக் கல்லும் அதில் அடங்கும். கற்பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தக உடன்படிக்கை) இரண்டாம் அட்டவணையில் இருப்பதால் இறக்குமதிப் பத்திரம் உள்ளதை மட்டும் வாங்க வேண்டும்.

தீனி கூடியதன் விலை

ஐந்து தடவைத் தீனி தொடங்கி சில கிழமைகளில் நைட்ரேட் 12-இலிருந்து 28-க்கும், பொஸ்பேட் 0.08-இலிருந்து 0.19-க்கும் ஏறின. அவசரப்பட்டு இரும்பு உறிஞ்சியைக் கிலோக்கணக்கில் போட்டு பொஸ்பேட்டை ஒரே இரவில் இறக்கினால் அக்ரோபோரா நுனியிலிருந்து உரியும். 100 கிராமில் தொடங்கி, கிழமைக்கு 0.03-க்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். வடிபை மூன்று நாளுக்கொரு முறை மாற்று, ஸ்கிம்மர் சற்று ஈரமாக ஓட்டம், சீட்டோவில் மூன்றில் ஒன்று மாதம் இரு முறை அறுவடை. தண்ணீர் மாற்றம் இரு கிழமைக்கு 100 லீற்றர், உப்பு 3.7 கிலோ, மாற்றும் நீரையும் 25 பாகைக்குச் சூடாக்கிய பின். நைட்ரேட் 20-க்கும் பொஸ்பேட் 0.1-க்கும் அருகே நின்றது. நிறம் கொஞ்சம் கபிலமாகியது, வளர்ச்சி குறையவில்லை.

எம்பரர் இப்போது 16 செ.மீ. கடலில் 40 வரை போகும், தொட்டிகளில் 30-க்குக் கிட்ட நிற்கும். 180 செ.மீ. தொட்டி 20 செ.மீ. மீன் வரைதான், அதற்குப் பின் திரும்பத் திரும்ப ஒரே பாதையில் ஓடி ரீகலையும் டேங்கையும் விரட்டத் தொடங்கும். 240 × 90 × 70 செ.மீ. தொட்டிக்கு இடம் பார்க்கிறார்கள். அதில் தண்ணீர் மட்டும் ஒன்றரை மெட்ரிக் தொன், கண்ணாடி, கல், தாங்கி சேர்த்தால் இரண்டைத் தாண்டும், சதுர மீற்றருக்கு 900 கிலோவுக்கு மேல். சாதாரண வீட்டு மாடி 150 முதல் 200 கிலோவுக்குக் கட்டப்படுவது. பழைய தோட்டத்து பங்களாக்களின் பலகைத் தரை அதையும் தாங்காது. எனவே கீழ்த்தளத்தில், மண்மேல் நேரடியாக இட்ட கொங்கிரீட் தரையில், வெளிச்சுவரிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி. பின்புற ரெஜிபோம் தகட்டைத் தொட்டி ஏற்றுவதற்கு முன்னரே ஒட்டிவிட வேண்டும், ஏற்றிய பின் பின்புறம் சரியாக ஒட்ட முடியாது.